எட்டு வருடம் ஆடிய வால்

'உங்கள் மீன் செத்துவிட்டது' என்று கடிதத்தில் எழுதியிருந்ததை வால் மாஸ்டர் மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படித்து முடித்தபோது அவருடைய இரண்டு காதுகளும் சிவந்திருந்தன.

"ரப்பர் மீன் எப்படிச் சாகும் முதலாளி?"

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கறேன்" என்றார் முதலாளி.

தூண்டிலில் மாட்டும் பொய்மீன் அது. மென்பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது. எல்லாரும் ரப்பர் மீன் என்றுதான் சொல்வார்கள். முன்னால் ஈயத் தலை, அதில் கொக்கி, பின்னால் வால். தண்ணீரில் இழுக்கும்போது அந்த வால் ஆட வேண்டும். ஆடினால்தான் பெரிய மீன் அதை உயிருள்ளது என்று நம்பி வாயைத் திறக்கும். பட்டறையில் தலையையும் உடம்பையும் நிறத்தையும் யார் யாரோ பார்த்துக்கொண்டார்கள். வால் மட்டும் மாஸ்டருடையது. எட்டு வருடத்துக்கு முன் அவர் வரைந்த ஏழாம் நம்பர் வால்தான் படுத்துக்கிடந்த பட்டறையை எழுப்பி உட்காரவைத்தது. தூண்டில்காரர் சங்கம் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தது. அன்றிலிருந்து அவர் வால் மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது.

அப்படிப்பட்ட வாலைப் பார்த்து ஒருவன் செத்துவிட்டது என்று எழுதுகிறான். எழுதியது ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர். மெதுவாக இழுத்தால் வால் ஆடுவதே இல்லை, இரண்டு மாதமாக வாங்கிய பாக்கெட் எல்லாமே இப்படித்தான் என்று முத்துமுத்தான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மாஸ்டருக்கு அந்தக் கையெழுத்து அழகாக இருந்ததுகூடப் பிடிக்கவில்லை.

அவர் முதலாளியைச் சோதனைத் தொட்டிக்கு அழைத்துப் போனார். அது ஆள் நீளக் கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் பம்பு. பம்பைப் போட்டால் தண்ணீர் ஓடும், ஓடும் தண்ணீரில் மீனைக் கட்டிவிட்டால் வாலின் லட்சணம் தெரிந்துவிடும். மாஸ்டர் வழக்கம்போல் பம்பை முழு வேகத்தில் வைத்து, அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த ஏழாம் நம்பரை உள்ளே விட்டார். வால் படபடவென்று அடித்துக்கொண்டது.

"இது செத்த மீனா முதலாளி?"

முதலாளி பம்பின் திருகைப் பாதிக்குக் கீழே குறைத்தார். வால் இரண்டு முறை யோசித்தது. பிறகு ஈரத்துணி மாதிரி தொங்கிவிட்டது.

மாஸ்டர் தொட்டியின் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. இவ்வளவு மெதுவாக இழுக்கிறவன் மீன் பிடிக்க ஏன் வர வேண்டும், வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்டார். எட்டு வருடமாக எல்லாரும் மெதுவாக இழுத்துத்தான் பிடித்தார்கள், மெதுவாக இழுத்தாலும் ஆடும் வால் என்பதற்குத்தான் அந்தக் கேடயமே என்று முதலாளி நினைவுபடுத்தினார். நான்கு கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டன. எல்லாவற்றிலும் பெரிய கடையின் கொள்முதல்காரர் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வால் மெதுவா ஆடணும் மாஸ்டர். இல்லேன்னா வெளியூர்லேருந்து ரெடிமேட் அச்சு வாங்கிடுவேன். உங்களுக்கு நிறம் கலக்கிற மேசையில ஒரு இடம் இருக்கு."

நிறம் கலக்கிற மேசை! மாஸ்டர் வெளியே வந்து வராந்தாவில் நின்று மூச்சு வாங்கினார். வடிவமைத்தவனைக் கொண்டுபோய்ச் சாயக் குடுவை கழுவ உட்கார வைப்பார்களாம். அதே அச்சு, அதே கலவை, அதே கை. எட்டு வருடம் ஆடிய வால் எப்படித் திடீரென்று ஆடாமல் போகும்? வால் மாறவில்லை, உலகம்தான் மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் உலகத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருத்த முடியாது என்பதால் கலவையிலிருந்து தொடங்கினார்.

பிளாஸ்டிக்கை மென்மையாக்க ஓர் எண்ணெய் சேர்ப்பார்கள். கூடச் சேர்த்தால் வால் இன்னும் இளகும், இளகினால் மெதுவான தண்ணீரிலும் ஆடும். திங்கட்கிழமை அவர் ஒரு குவளை எண்ணெய் கூடுதலாக ஊற்றினார். இருநூறு மீன்கள் பளபளவென்று வந்தன. ஆனந்தமாகத் தட்டில் அடுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது தட்டில் இருநூறு மீன்கள் இல்லை. ஒரே மீன்தான் இருந்தது. அதற்கு இருநூறு தலைகளும் நானூறு கண்களும் இருந்தன. எண்ணெய் வியர்த்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரிக்க முயன்ற இரண்டு பேரின் கைகளும் ஒட்டிக்கொண்டன. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார்.

பட்டறையில் ஆயிரம் கண், நிம்மதியாக வேலை பார்க்க முடியாது என்று அவர் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டில் குளியல் தொட்டி இருந்தது. அதில் குழாயைத் திறந்துவிட்டால் மெதுவான நீரோட்டம் தயார்.

இந்த முறை கழுத்தைப் பிடித்தார். உடம்பும் வாலும் சேரும் ஒடுங்கிய இடத்துக்குப் பட்டறையில் கழுத்து என்று பெயர். அது மெலிந்தால் வால் சுலபமாகத் திரும்பும். சவர பிளேடால் ஒவ்வொரு மீனின் கழுத்தையும் சீவிச் சீவி மெலியவைத்தார். வடிவம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவதற்காக அடர்ந்த மினுக்குத் தூள் போட்ட மீன்களாகவே பொறுக்கி எடுத்திருந்தார்.

முதல் மீனின் வால் ஐந்து தடவை அழகாக ஆடியது. ஆறாவது தடவை கழன்று போயிற்று. இரண்டாவது மீனின் வால் மூன்று தடவையிலேயே விடைபெற்றது. வால்கள் எல்லாம் வரிசையாகப் போய்த் தொட்டியின் ஓட்டையை அடைத்துக்கொண்டன. தண்ணீர் இறங்க மறுத்தது. மாஸ்டர் கழன்ற வால்களைத் திட்டிக்கொண்டே குனிந்து தோண்டியெடுத்து, தொட்டியை ஒருவழியாகத் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அவர் துடைத்த துண்டு மறுநாள் காலை மனைவியின் கைக்குப் போயிற்று.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அன்று காலை அவருடைய தலைமை ஆசிரியையின் மாமனார் காலமாகியிருந்தார். மனைவி அவசரமாக முகம் கழுவி, அந்தத் துண்டால் துடைத்து, கண்ணாடிகூடப் பார்க்காமல் துக்க வீட்டுக்கு ஓடினார். அங்கே ஜன்னல் ஓரத்தில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்தார். முகமும் கழுத்தும் வெள்ளியும் ஊதாவுமாக ஜொலித்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகுதான் போனவரைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் குளியலறையில் மண்டியிட்டு இருந்தார்.

"எழுந்திருங்க" என்றார் மனைவி.

மாஸ்டர் எழுந்தார்.

"ஒரு சின்னக் குழந்தை என்னைப் பாத்து, அம்மா இந்த ஆன்ட்டி கல்யாணத்துக்கு வந்திருக்காங்களான்னு கேக்குது. எனக்கு எங்க போய் முகத்தை வெச்சுக்கறதுன்னு தெரியல. ஹெட்மிஸ்ட்ரஸ் அழுதுகிட்டே என் முகத்தையே பாக்கறாங்க. இன்னைக்கே இந்த வாலு சமாச்சாரத்தைக் கொண்டுபோய்ப் பட்டறையில வெச்சிடுங்க. இல்ல, நீங்களும் அங்கயே இருந்துக்கோங்க."

மாஸ்டருக்கு மனைவியின் நிலைமை புரிந்தது. ஆனால் தன் நிலைமை மனைவிக்குப் புரியவில்லையே என்ற ஆத்திரமும் வந்தது. எட்டு வருடம் அந்த வால்தான் சோறு போட்டது என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே நின்ற முகம் இன்னும் லேசாக ஜொலித்துக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை காலை அவர் பட்டறைக்குள் நுழைந்தபோது ஒரு முடிவோடு நுழைந்தார். குற்றம் வாலில் இல்லை. யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக விசாரித்தார். உருக்குகிறவரைச் சூட்டின் அளவைச் சொல்லச் சொன்னார். சாயம் கலக்கிறவரின் புட்டிகளை மோந்து பார்த்தார். ஈயத் தலையின் எடையை நகைக்கடைத் தராசில் நிறுத்தார். பாக்கிங் மேசையில் வழக்கமாக இருக்கும் அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் முதலாளியின் கொழுந்தியா உட்கார்ந்து பாக்கெட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். மீனை எடுத்துப் பைக்குள் திணித்து ஒட்டுகிற வேலையில் என்ன இருக்கிறது என்று மாஸ்டர் அந்த மேசைப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் தாண்டிப் போனார்.

கடைசியில் அச்சுக்காரரிடம் வந்து நின்றார். அலுமினிய அச்சு வெட்டுகிற அவர், மாஸ்டரோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"நீ அச்சை மெருகேத்தினியா?"

"இல்ல."

"உண்மையச் சொல்லு. ஒரு முடி அளவு போனாலும் என் வால் போச்சு."

அச்சுக்காரர் அரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். முப்பது வருடத்தில் தன் அச்சைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். கேடயம் வாங்கின அன்றைக்கு மேடையில் அச்சுக்காரன் பெயரை ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டார். அது எட்டு வருடமாக அவர் தொண்டையிலேயே நின்றிருக்கிறது. சொல்லிவிட்டு, "இனிமே உன் வாலுக்கும் எனக்கும் பேச்சே இல்ல" என்று கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

போகட்டும் என்றார் மாஸ்டர். அச்சு மேல் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அச்சுக்காரரும் இல்லை. ஆகவே தானே அரத்தை எடுத்தார்.

வாலின் கடைசியில் காசு மாதிரி வட்டமாக ஒரு தட்டு இருக்கும். தண்ணீரைத் தள்ளுவது அதுதான். தட்டு பெரிதானால் தண்ணீரை அதிகம் தள்ளும், அதிகம் தள்ளினால் மெதுவாக இழுத்தாலும் ஆடும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டார். கணக்கு டீச்சரைக் கட்டியவர் போடுகிற கணக்குத்தான். எட்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஏழாம் நம்பர் அச்சில் வால்தட்டுக் குழியைச் சுற்றி அராவ ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் குழி ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது அராவி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

வியாழக்கிழமை முதலாளி முன்னால் அதைத் தண்ணீரில் விட்டார். பம்பு மெதுவாக ஓடியது. வால் ஆடவில்லை. அதற்குப் பதில் மீன் முழுக்கச் சுழன்றது. மின்விசிறி மாதிரி சுற்றிச் சுற்றி, கட்டியிருந்த தூண்டில் நரம்பை முறுக்கி, முறுக்கு தாங்காமல் துள்ளி எழுந்து முதலாளியின் சட்டைப் பையில் போய் விழுந்தது. பையில் கடைக்காரர்களின் புகார்க் கடிதங்கள் இருந்தன.

"இதுக்கு முன்னால செத்த மீனாத்தான் இருந்துச்சு" என்றார் முதலாளி, கடிதங்களை உதறியபடி. "இப்ப பேய் பிடிச்சிருக்கு."

அந்த நேரம் பார்த்து ரயில் டிரைவர் வந்து சேர்ந்தார். கடிதத்துக்குப் பதில் வராததால் நேரில் விசாரிக்க வந்திருந்தார். நெட்டையான மனிதர், பதற்றமே இல்லாத குரல். தன்னிடம் பழைய ஏழாம் நம்பர் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று காகிதத்தைப் பிரித்தார். உடம்பெல்லாம் பல் பட்டுக் கிழிந்து, ஒரு கண் போய், பார்க்கவே பரிதாபமான மீன்.

தொட்டியில் விட்டார்கள். பம்பு ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குறைத்தார்கள். அந்தக் கிழ மீன் வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் நீந்தியது.

மாஸ்டர் தொட்டியின் மேல் குனிந்தார். அது அவருடைய வால். அவர் பெற்ற பிள்ளை. இப்படித்தான் ஆட வேண்டும் என்று அவர் கனவில் கண்டபடியே ஆடியது. உண்மையைச் சொன்னால், கனவில் கண்டதைவிடவும் கொஞ்சம் நன்றாகவே ஆடியது.

அவர் அதை வெளியே எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். வால்தட்டின் கீழ்ப்பகுதி சாய்வாகப் போயிருந்தது.

"இதை மீன் கடிச்சிருக்கு" என்றார்.

நான் வாங்கினபோதே அப்படித்தான் இருந்தது போல ஞாபகம் என்றார் டிரைவர்.

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வால் வரைந்தது இவரா, நானா? என் வால் வட்டமா, சாய்வா என்று எனக்குத் தெரியாதா? கடிபட்ட ஊன மீனைக் கொண்டுவந்து காட்டி முழு மீனைக் குறை சொல்கிறீர்களே, ரயிலை இப்படித்தான் ஓட்டினீர்களா என்று கேட்டுவிட்டார். டிரைவர் தன் மீனைக் காகிதத்தில் திரும்பச் சுற்றிக்கொண்டு, தான் ஓட்டிய ரயில் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. அதில் 'நன்றி கெட்ட' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. அராவிக் கெடுத்த அச்சை மூலையில் துணி போட்டு மூடிவிட்டு, மாற்றுக்கென்று வைத்திருந்த இன்னொரு ஏழாம் நம்பர் அச்சிலிருந்து ஒரு தட்டு மீன் எடுத்துப் பாக்கிங் மேசையில் வைத்தார். திருத்தம் ஏதும் இல்லாத, வரைந்தது வரைந்தபடி இருந்த வால். தூக்கில் போட்டாலும் இதையே காட்டுவது என்று தீர்மானித்திருந்தார்.

கொள்முதல்காரர் வந்தார். குள்ளமாக, கொண்டை போட்ட அம்மாள். அவரே வாரம் தவறாமல் தூண்டிலோடு போகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தொட்டியில் விட்டு, திருகைக் குறைத்து, வால் தொங்குவதைப் பார்த்துவிட்டு வருத்தமாகத் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் மாஸ்டர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அதற்குத்தான் தயாராக வந்திருந்தார். அந்த அம்மாளோ, பழைய ஏழாம் நம்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பனிமூட்டத்தில், ஓட்டமே இல்லாத குளத்தில்கூட அந்த வால் ஆடியது என்றார். வால்தட்டின் கீழே அந்தச் சாய்வை யோசித்தவர் சாதாரண ஆள் இல்லை என்றார்.

"எனக்கு அந்த வாலைச் செஞ்ச கையை ஒரு தடவை பாக்கணும். பழைய மாதிரியே செஞ்சு குடுத்தாங்கன்னா, வருஷம் முழுக்க எங்க கடைக்கு வேற சரக்கே வேண்டாம்."

மாஸ்டருக்குச் சாய்வு என்ற சொல் காதில் விழவே இல்லை. கை என்ற சொல் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. ஐந்து நாளாக அடைத்திருந்த ஆத்திரம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது. ராஜினாமாக் கடிதத்தைப் பையின் அடிக்குத் தள்ளினார். முதலாளி பெருமையாக அவர் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினார். மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் அந்த அம்மாளுக்கு எதிரே நீட்டினார். எட்டு வருட உழைப்பு, தனியாளாகச் செய்தது, யாரும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டு உதவவில்லை என்று ஆரம்பித்தார்.

அன்றுதான் லீவு முடிந்து பாக்கிங் அக்கா வேலைக்குத் திரும்பியிருந்தார். கொழுந்தியாவை எழுப்பிவிட்டுத் தன் மேசையில் உட்கார்ந்து, தட்டிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பேரன் பிறந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு டிராயரைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, நீட்டிய கைகளோடு நின்ற மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் மாஸ்டர், நான் இல்லாத ரெண்டு மாசமா வால் நுனியை யாருமே வெட்டலையா? எட்டு வருஷமா நான் சாய்வா வெட்டி வெட்டித்தானே போட்டுக்கிட்டிருந்தேன், இல்லேன்னா இது இந்தப் பாக்கெட்டுல அடங்காதே."